புல்லை விரட்டினால் பூண்டு வரும்
தாயில்பட்டிக் கரிசலை முன்வைத்து ஓர் ஆய்வு

தை பிறந்ததும் விருதுநகர் மாவட்டத்துத் தாயில்பட்டிப் பக்கத்துப் பட்டாசு ஆலைகளில் மண்வெட்டிச் சத்தம் கேட்கத் தொடங்கும். பெண்கள் வரிசையாகக் குனிந்து, கொட்டகைகளுக்கு நடுவே நிற்கும் செடிகொடிகளைச் செதுக்கிக்கொண்டே போவார்கள். ஐப்பசி, கார்த்திகை மழைக்குக் கிளம்பி, மார்கழியில் பூத்து, தையில் சருகாகி நிற்பவை அவை. வெடிமருந்து கையாளும் இடத்தைச் சுற்றிக் காய்ந்த புல்லோ புதரோ இருக்கக் கூடாது என்பது வெடிபொருள் உரிமத்தின் பழைய நிபந்தனை. செதுக்கி முடித்ததும் தரை வழுக்கைத் தலைபோலப் பளிச்சென்று இருக்கும். மேற்பார்வையாளருக்கும் நிம்மதி.

அடுத்த ஐப்பசியில் அதே இடத்தில் அதே செடிகள் முளைக்கும். பெரும்பாலும் போன ஆண்டைவிடக் கூடுதலாகவே முளைக்கும். பார்த்தீனியம் முன்வரிசையில் நிற்கும். அதற்குப் பின்னால் சாரணை, குப்பைமேனி, நெருஞ்சி. வேலியோரம் சீமைக்கருவேலங்கன்று. ஆலை வளாகம் மட்டுமல்ல, பள்ளிக்கூட மைதானம், கோயில் நந்தவனம், சாலையோரம் மரக்கன்று நட்ட குழிகள் என எல்லா இடத்திலும் இதே கதைதான். ஆண்டுதோறும் கூலி கொடுத்துக் களையெடுக்கிறோம். ஆண்டுதோறும் களை வருகிறது.

இந்தச் சுற்றை மண்ணுக்குச் சொந்தமான புல்லைக் கொண்டே உடைக்க முடியுமா? தரையை வெறுமையாக்குவதற்குப் பதில், அடக்கமான ஒரு புல்லுக்கு அதைக் குடிவைத்து, வேண்டாத செடிகளுக்கு இடமில்லாமல் செய்ய முடியுமா? உலகின் பல பகுதிகளில் தோட்டக்கலைஞர்களும் சூழலியலாளர்களும் இதைச் செய்து பார்த்திருக்கிறார்கள். ஆனால் ‘புல்’ என்றதும் ‘தீ’ என்று பதறுகிற ஊரில் இதை அப்படியே இறக்குமதி செய்ய முடியாது. அதனால் கேள்வியை இரண்டு பக்கமும் புரட்டிப் பார்க்க வேண்டியிருக்கிறது.

கரிசலின் பழைய போர்வை

வெம்பக்கோட்டை, சாத்தூர், கோவில்பட்டி வட்டாரங்களின் கரிசல் எப்போதும் மொட்டையாகக் கிடந்த நிலமல்ல. தபட்காவ், சங்கரநாராயணன் என்ற இரு ஆய்வாளர்கள் 1973-இல் இந்தியாவின் புல்வெளிகளை ஐந்து வகையாகப் பிரித்தார்கள். தீபகற்ப இந்தியாவின் பெரும்பகுதி அதில் ‘சீகிமா–டைகாந்தியம்’ வகைக்குள் வருகிறது. சரளும் கல்லுமான மேட்டில் சீகிமா நிற்கும். சமதளக் கரிசலில் டைகாந்தியம் படரும். தரிசு, மேய்ச்சல் நிலம், கண்மாய்க் கரை, ஓடையோரம் என்று உழவுக்கு வெளியே இருந்த இடமெல்லாம் இந்தப் புற்களோடு கொழுக்கட்டைப்புல்லும் ஊசிப்புல்லும் அருகும் கலந்த போர்வைதான். வேம்பூர் ஆடுகள் அதில்தான் வயிறு வளர்த்தன.

அந்தப் போர்வையைக் கிழித்தவை இரண்டு. முதலாவது சீமைக்கருவேலம். 1870-களில் சென்னை மாகாணத்தின் கடப்பைப் பகுதியில் விறகுக்காகக் கொண்டுவரப்பட்டது. இருபதாம் நூற்றாண்டின் நடுவில் தமிழ்நாட்டின் வறண்ட மாவட்டங்களில் பரவலாக விதைக்கப்பட்டது. ‘வேலிகாத்தான்’ என்று மக்கள் பேர் வைத்தார்கள். வேலியைக் காக்க வந்தது காட்டையே எடுத்துக்கொண்டது. இரண்டாவது பார்த்தீனியம். 1955-இல் புனேயில் கண்டறியப்பட்ட இந்த அமெரிக்கப் பூண்டு ஒரு தலைமுறைக்குள் நாடு முழுவதும் பரவியது. ஒரு செடி பல ஆயிரம் விதை உதிர்க்கும். முளைத்து ஒரு மாதம், ஒன்றரை மாதத்தில் பூத்துவிடும். தொட்டவர்க்கு அரிப்பு, மூச்சுத் திணறல். 2022-இல் தமிழ்நாடு அரசு அயல் ஆக்கிரமிப்புத் தாவரங்களை அகற்றி இயற்கைச் சூழலை மீட்பதற்கென்றே ஒரு கொள்கையை வெளியிட வேண்டிய அளவுக்கு நிலைமை முற்றியது.

இரண்டுக்கும் ஒரு பொதுக் குணம் உண்டு. புல் நெருக்கி நிற்கும் தரையில் இவை திணறும். புல் போன தரையில் கொண்டாடும். ஆடு மாடு மட்டுமீறி மேய்ந்த இடம், தோண்டிப் போட்ட இடம், செதுக்கிவிட்ட இடம் ஆகியவையே இவற்றின் நாற்றங்கால். நாம் ஆண்டுதோறும் தையில் செய்வது என்ன? அடுத்த மழைக்கு அந்த நாற்றங்காலைத் தயார் செய்து கொடுக்கிறோம்.

செதுக்குவதும் தெளிப்பதும்

மண்வெட்டியால் செதுக்கும்போது மேலே தெரியும் செடி போகிறது. மண்ணில் புதைந்திருந்த விதை மேலே வருகிறது. பார்த்தீனியம் பூத்து விதை உதிர்த்த பிறகு செதுக்கினால் களையெடுப்பே விதைப்பாகிவிடும். கரிசலில் இன்னொரு கேடும் சேர்கிறது. மூடாக்கு இல்லாத கரிசல் கோடையில் பாளம் பாளமாக வெடிக்கும். அந்த வெடிப்புக்குள் விழும் விதை, வெயிலுக்கும் எறும்புக்கும் தப்பி அடுத்த மழை வரை பத்திரமாகக் கிடக்கும்.

களைக்கொல்லி எளிது என்பார்கள். கிளைபோசேட் என்ற களைக்கொல்லியைப் பூச்சிக்கட்டுப்பாட்டு உரிமம் பெற்றவர்கள் மூலமாகவே பயன்படுத்தலாம் என்று மத்திய அரசு 2022 அக்டோபரில் கட்டுப்படுத்திவிட்டது. அது ஒரு பக்கம் இருக்கட்டும். களைக்கொல்லி செடியைக் கொன்று நின்ற இடத்திலேயே காய வைக்கும். பட்டாசு வளாகத்தில் இதைவிட ஆகாத காரியம் வேறில்லை.

இந்த ஊர்க்காரர்களுக்குச் சட்டென்று புரியும் ஒரு கதை உண்டு. ஐரோப்பாவிலும் பிற நாடுகளிலும் பல காலம் வீட்டுத் தோட்டங்களில்கூடக் களைக்கொல்லியாக விற்கப்பட்டது சோடியம் குளோரேட். தீப்பெட்டிக் குச்சியின் மருந்தில் இருக்கும் பொட்டாசியம் குளோரேட்டின் உடன்பிறப்பு. நியூசிலாந்துப் பால்பண்ணைக்காரர்கள் 1930-களில் மேய்ச்சல் நிலத்தில் பரவிய ராக்வோர்ட் என்ற நச்சுக்களையை ஒழிக்க இதைக் கரைத்துத் தெளித்தார்கள். கரைசல் கால்சட்டையில் தெறித்துக் காய்ந்தது. துணியைக் கணப்புக்கு அருகே உலர்த்தியபோது கால்சட்டைகள் வெடித்தன. கேட்டால் சிரிப்பு வரும். ஆனால் பஞ்சுநூலும் குளோரேட்டும் சேர்ந்தால் என்ன ஆகும் என்று சிவகாசியில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். பட்டாசில் கந்தகத்தோடு குளோரேட் கலப்பது இந்தியாவில் 1992 முதல் தடை. ஐரோப்பிய ஒன்றியமும் பின்னாளில் அந்தக் களைக்கொல்லியை விலக்கிவிட்டது. களையைக் கொல்லும் அவசரத்தில் நெருப்பை விலைக்கு வாங்கக் கூடாது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

புல் எப்படிக் களையெடுக்கிறது

அருகு படர்ந்த இடத்தில் உட்கார்ந்து அதன் கொடிகளை விரலால் விலக்கிப் பாருங்கள். மேலே இலை, அதன் கீழே ஒன்றன்மேல் ஒன்றாக ஓடும் தண்டுகள், கணுவுக்குக் கணு வேர். அதற்கும் கீழே மக்கிய சருகின் மெல்லிய படலம். மண்ணைத் தொட விரல் துழாவ வேண்டும். சித்திரை வெயிலில் பக்கத்து வெறுந்தரை கால் வைக்க முடியாமல் கொதிக்கும்போது இதனடியில் மண் வெதுவெதுப்பாகத்தான் இருக்கும். காற்றில் வந்து விழும் ஒரு பார்த்தீனிய விதை இந்த அடுக்குகளைத் தாண்டி மண்ணைத் தொட்டாக வேண்டும். தொட்டாலும் வெளிச்சம் போதாது. பார்த்தீனியக் கன்று முதலில் தரையோடு ஒட்டி இலைகளை வட்டமாக விரித்துத்தான் இடம் பிடிக்கும். விரிக்க இடமில்லாதபோது நோஞ்சானாகவே நின்றுவிடும்.

மேலே நடப்பது வெளிச்சத்துக்கான போட்டி. கீழே தண்ணீருக்கான போட்டி. புல்லின் நார்வேர் மேல்மண்ணில் வலைபோல் பின்னிக் கிடக்கும். முதல் மழையின் ஈரத்தைக் களைவிதை விழிப்பதற்குள் உறிஞ்சிவிடும். வெயில் அதிகமானாலும் திறமையாக உணவு தயாரிக்கும் அமைப்பு இந்த வெப்பமண்டலப் புற்களுக்கு உண்டு. மூன்றாவதாக, வேரில் கசியும் வேதிப்பொருள்கள். சோளத்தின் வேரிலிருந்து வடியும் ‘சோர்கோலியோன்’ பக்கத்துச் செடிகளின் வளர்ச்சியைத் தடுப்பது ஆய்வில் உறுதியான ஒன்று. நாற்றுச்சோளம் அடர்த்தியாக விதைத்த காட்டில் களை அடங்கிவிடும் என்பது கரிசல் சம்சாரிகளின் பழைய அனுபவம்.

ஆக, புல் செய்வது கொலை அல்ல, இடம் பிடித்தல். பேருந்தில் துண்டு போட்டு இடம் பிடிப்பதுபோல முதலில் வந்து உட்கார்ந்துகொள்கிறது. அதனால்தான் இந்த முறையில் கால நேரம் முக்கியம். புல் பிந்தினால் ஆட்டம் தலைகீழாகிவிடும்.

கொறங்காடு காட்டும் வழி

இதற்குத் தமிழ்நாட்டிலேயே உயிருள்ள சான்று இருக்கிறது. திருப்பூர், கரூர், ஈரோடு, திண்டுக்கல் மாவட்டங்களின் மேய்ச்சல் காடுகளான கொறங்காடுகள். காங்கேயம் மாடுகளைத் தாங்கிப் பிடித்த நிலம் அது. சுற்றிலும் கிளுவை உயிர்வேலி. உள்ளே அங்கங்கே வெள்வேல மரம். தரை முழுக்கக் கொழுக்கட்டைப்புல். விருதுநகர் மாவட்டத்தில் ஆண்டுக்கு ஏறத்தாழ 800 மில்லிமீட்டர் மழை. கொறங்காட்டுப் பகுதிக்கு அதைவிடக் குறைவு. ஆனாலும் அங்கே புல் நிற்கிறது.

நிற்பதற்குக் காரணம் மேய்ச்சல் முறை. கொறங்காடு தனியார் நிலம்; வேலியிட்டுப் பகுதி பகுதியாகப் பிரித்தது. ஒரு பகுதியை மேயவிட்டு, புல் முழுதும் கரம்புவதற்கு முன் மாட்டை அடுத்ததற்கு மாற்றுவார்கள். புல்லின் அடித்தூர் ஒருபோதும் அழிவதில்லை. அதனால் வேற்றுச் செடிக்கு வாசல் திறப்பதில்லை. எங்கே வேலி விழுந்து மேய்ச்சல் கட்டுமீறுகிறதோ அங்கே களை நுழைகிறது. கொறங்காடு கற்றுத்தரும் பாடம் இதுதான்: களையைத் தடுப்பது புல்லும் அதை அளவோடு வெட்டும் கையும் சேர்ந்துதான்.

வெளியூர்ச் சான்றுகள்

ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்திலும் பார்த்தீனியம் பெருந்தொல்லை. அங்கே குயின்ஸ்லாந்து பல்கலைக்கழகத்தின் ஸ்டீவ் அட்கின்ஸும் அவரது குழுவினரும் பார்த்தீனியத்தை அமுக்கும் போட்டிச் செடிகளைத் தேடிப் பல புற்களையும் பயறுவகைகளையும் அதனுடன் சேர்த்து வளர்த்துப் பார்த்தார்கள். சிறப்பாக அமுக்கியவற்றில் நம் கொழுக்கட்டைப்புல்லும் உண்டு. நம் வேலியில் படரும் சங்குப்பூவும் உண்டு. நமக்குப் பழக்கமான இரண்டு செடிகள் கடல் தாண்டிய ஊரில் சோதிக்கப்பட்டிருக்கின்றன.

அதே குயின்ஸ்லாந்து ஓர் எச்சரிக்கையும் தருகிறது. 1960-வாக்கில் பார்த்தீனியம் அங்கே பெரிய அளவில் நுழைந்தது, டெக்சஸிலிருந்து வாங்கிய மேய்ச்சல் புல்விதையில் கலந்துதான். களையை விரட்டும் புல்லே களையைக் கூட்டிவந்த கதை. விதையை எங்கே வாங்குகிறோம் என்பதில் கண் வேண்டும்.

அமெரிக்காவின் விஸ்கான்சின் பல்கலைக்கழகம் மேடிசனில் 1935-இல் ஒரு பாழ் வயலைப் பழைய புல்வெளியாக மீட்கத் தொடங்கியது. கர்டிஸ் புல்வெளி என்று இன்று அழைக்கப்படும் அந்த நிலம் இத்தகைய முயற்சிகளில் உலகிலேயே மூத்தது. அந்நியப் புல்லை அடக்க அவர்கள் கண்டுகொண்ட வழி, காலம் பார்த்துத் தீ வைப்பது. அந்த வழி நமக்கு அடியோடு ஆகாது. அவர்கள் தீயால் செய்ததை நாம் பன்னரிவாளால் செய்ய வேண்டும்.

நமக்கு நெருக்கமான உதாரணம் ஜோத்பூரில் இருக்கிறது. மெஹ்ரான்கர் கோட்டையின் அடிவாரத்துப் பாறை நிலம் முழுக்கச் சீமைக்கருவேலம். இயற்கை ஆர்வலர் பிரதீப் கிருஷண் வழிகாட்டுதலில் 2006-இல் பணி தொடங்கியது. மேலே வெட்டினால் திரும்பத் துளிர்த்தது. கடைசியில் பாறை உடைக்கும் உள்ளூர்த் தொழிலாளர்கள் உளியும் சுத்தியலும் கொண்டு வேரோடு பெயர்த்தார்கள். அந்தக் குழிகளிலேயே பாலைநிலத்து மரம், செடி, புல் எல்லாம் குடியேறின. ராவ் ஜோதா பூங்கா இன்று பயணிகள் தேடிவரும் இடம். அயல்செடியை எடுத்தால் மட்டும் போதாது, எடுத்த இடத்தை உடனே உள்ளூர்ச் செடிக்குக் கொடுத்துவிட வேண்டும் என்பதை அந்தப் பாறை மெய்ப்பித்திருக்கிறது.

எந்தப் புல்

தாயில்பட்டிக்கு நான்கு பெயர்களை முன்வைக்கலாம்.

முதலாவது அருகு. ‘ஆல்போல் தழைத்து அருகுபோல் வேரோடி’ என்று வாழ்த்தும்போது நாம் சொல்வது இதன் பிடிவாதத்தைத்தான். மிதிபட்டாலும் அறுபட்டாலும் தாங்கும். கணுக்காலுக்குக் கீழே அடக்கி வைக்கலாம். ஆனால் கரிசல் சம்சாரியிடம் அருகு நடச் சொன்னால் அடிக்க வருவார். அருகு பிடித்த காட்டை மீட்கக் கோடை உழவு போட்டு, கிழங்குபோன்ற அடித்தண்டுகளை வெயிலில் காயவிட்டு அவர் பட்ட பாடு அப்படி. எனவே விளைநிலத்தை ஒட்டி அருகு கூடாது. நாலுபுறமும் சுவரோ பாதையோ உள்ள இடத்துக்கே அது பொருந்தும்.

இரண்டாவது கொழுக்கட்டைப்புல். தூராக நிற்கும், அருகுபோல ஓடிப்போய்ப் பக்கத்துக் காட்டில் புகாது. தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் நீலக் கொழுக்கட்டைப்புல்லில் கோ 1 என்ற தேர்ந்த ரகத்தைத் தந்திருக்கிறது. மூன்றாவது டைகாந்தியம். கரிசலின் சொந்தப் பிள்ளை, நல்ல தீவனம். ஆனால் விதை கடையில் எளிதில் கிடைக்காது. கண்மாய்க் கரையிலிருந்து தூர் பிரித்து நடுவதே நடைமுறை.

நான்காவது வெட்டிவேர். இது தரையை மூடாது. வரிசையாக நட்டால் வேலியாகும். கர்நாடகத்தின் குண்டலுப்பேட்டை விவசாயிகள் பல தலைமுறையாக வரப்பெல்லையில் இதைத்தான் வளர்க்கிறார்கள். 1980-களில் உலக வங்கி வல்லுநர்கள் அதைப் பார்த்துத்தான் மண்ணரிப்புக்கு மருந்தாக உலகமெங்கும் எடுத்துச் சென்றார்கள். அடர்ந்த தூர்வரிசை மழைநீரோடு அடித்துவரும் களைவிதையை வடிகட்டி நிறுத்தும். பக்கத்திலிருந்து ஓடிவரும் அருகுக்கும் அணைபோடும். அருகும் வெட்டிவேரும் சேர்ந்தால் முன்னதன் குறையைப் பின்னது ஈடுகட்டும்.

ஊசிப்புல் உள்ளூர்தான் என்றாலும் வேண்டாம். அதன் முள்ளூசி துணியில் ஏறும், ஆட்டுத் தோலில் இறங்கும், சீக்கிரம் சருகாகும். கினியாப்புல்லும் வேண்டாம், ஆளுயரம் வளர்ந்து காயும் அயல்புல் அது.

நெருப்பின் கேள்வி

எல்லாவற்றையும் கேட்ட ஆலைக்காரர் ஒரே கேள்வியில் மடக்குவார்: “புல்லு காஞ்சா எரியாதா?”

எரியும். நம் மண்ணில் சாதுவான கொழுக்கட்டைப்புல் அமெரிக்காவின் அரிசோனாவில் அயல்புல்லாகப் புகுந்து, தீயே பழகாத பாலைவனத்தில் தீயைப் பரப்பி, நூறாண்டு நின்ற சகுவாரோ கள்ளிகளைச் சாகடிக்கிறது. 2023 ஆகஸ்ட் 8-ஆம் நாள் ஹவாய்த் தீவுகளில் உள்ள லஹைனா நகரம் எரிந்து சுமார் நூறு பேர் மாண்டபோது, கைவிடப்பட்ட தோட்டங்களில் மண்டிக் காய்ந்திருந்த அயல்புற்கள் தீனி போட்டதை ஆய்வாளர்கள் சுட்டிக்காட்டினார்கள். அருகும்கூடப் பங்குனி வெயிலில் நீரில்லாவிட்டால் பழுப்பாகிவிடும். ‘எப்போதும் பச்சை’ என்று எந்தப் புல்லுக்கும் நற்சான்று கொடுக்க முடியாது.

பட்டாசு விபத்துகள் பெரும்பாலும் மருந்துக் கலவையிலும் உராய்விலும் தொடங்குபவை. புல்லின் பங்கு தீயைக் கடத்துவதில். அப்படியானால் கேட்க வேண்டியது, ஓர் அடிக்கு எவ்வளவு சருகு, எவ்வளவு உயரம், அது கொட்டகையிலிருந்து எவ்வளவு தூரம் என்பதே. இடுப்பளவு காய்ந்த பார்த்தீனியக் காட்டையும் நான்கு விரல் உயரத்துக்கு அறுத்த அருகையும் ஒரே தட்டில் வைக்க முடியாது. இரண்டும் எரியும், ஒன்றில் சுடர் ஆள் உயரம், மற்றதில் முழங்காலுக்குக் கீழே.

எனவே வளாகத்தை வட்டங்களாகப் பிரிப்பதே சரி. கொட்டகை, மருந்து அறை, காயவைக்கும் மேடை, சேமிப்புக் கிடங்கு ஆகியவற்றை ஒட்டி விதி கேட்கும் தூரம்வரை செடியே கூடாது. அங்கே சரள் அல்லது கல்தூள். விதியின் வெற்று வட்டத்தைச் சுருக்கப் புல் ஒரு சாக்காகிவிடக் கூடாது. அதற்கு வெளியே, பாதைகளுக்கு இடைப்பட்ட தரையில், குட்டையாக அறுத்து வைக்கும் அருகு. அதற்கும் வெளியே, கட்டடமில்லாத ஓரத்தில், கொழுக்கட்டைப்புல்லும் டைகாந்தியமும். எல்லையில் வெட்டிவேர் வரிசையும் கிளுவை உயிர்வேலியும். வட்டத்துக்கு வட்டம் நடுவே ஒரு சரள் பாதை இருந்தால் தீ தாண்ட இடமிருக்காது. எதைச் செய்தாலும் வெடிபொருள் பாதுகாப்பு அதிகாரியிடம் காட்டி ஒப்புதல் பெற்ற பிறகே. உள்ளே அறுக்கப் பெட்ரோல் இயந்திரம் வேண்டாம், கைஅரிவாளே போதும்.

பள்ளி, கோயில், சாலையோரம் போன்ற இடங்களுக்கு இவ்வளவு கெடுபிடி இல்லை. முயற்சியை அங்கே தொடங்குவதே புத்திசாலித்தனம்.

தீபாவளியை ஒட்டிய நாள்காட்டி

இந்த ஊருக்கென்று ஒரு காலக்கணக்கு இருக்கிறது. தீபாவளி முடிந்ததும் ஆலைகள் சில வாரம் ஓய்வெடுக்கும். வடகிழக்குப் பருவமழை உச்சத்தில் இருப்பதும் அப்போதுதான். ஆள் இல்லாத வளாகத்தில் களை கொண்டாடுவது அந்த வாரங்களில். அந்த இடைவெளியில் முந்திக்கொள்ள வேண்டியது புல்.

எனவே வேலை புரட்டாசியிலேயே தொடங்கியாக வேண்டும். ஆடி, ஆவணியில் தூறும் மழைக்கு முளைக்கும் களையை ஒருமுறை, பூப்பதற்கு முன் பிடுங்கிவிடலாம். கையுறை அவசியம். பிறகு மண்ணை ஆழமாகக் கிளறாமல் புல்லை வைக்க வேண்டும். கொழுக்கட்டைப்புல் விதைக்கு ஆறு முதல் எட்டு மாத உறக்கம் உண்டு, புதுவிதை முளைக்காது. அதை எழுப்ப வேளாண் பல்கலைக்கழகம் சொல்லும் வழி சுவையானது: ஒரு சதவீதப் பொட்டாசியம் நைட்ரேட் கரைசலில் 48 மணி நேரம் ஊறவைப்பது. சிவகாசி நாவில் சொன்னால், வெடியுப்பு. வாணத்தை மேலே அனுப்புகிற அதே உப்புதான் இந்த விதையையும் மண்ணிலிருந்து மேலே அனுப்புகிறது. ஹெக்டேருக்கு 6 முதல் 8 கிலோ விதை, வரிசைக்கு வரிசை அரை மீட்டர். 70, 75 நாளில் முதல் அறுப்பு. அறுத்த புல் தீவனமாக வெளியேறிவிட வேண்டும். வளாகத்தில் போர் போட்டு வைத்தால் செய்த வேலையெல்லாம் வீண்.

முதல் ஆண்டு ஏமாற்றமாகத்தான் இருக்கும். புல் வேர்விடுவதில் முனைப்பாக இருக்கும். மேலே களைதான் தெரியும். அந்த ஆண்டு மூன்று, நான்கு முறை கையால் களை எடுத்தே ஆக வேண்டும். இரண்டாம் ஆண்டில் வேலை குறையும். தூர்கள் ஒன்றையொன்று தொட்ட பிறகே புல் தன் காவலைத் தானே பார்த்துக்கொள்ளும். ஒரே ஆண்டில் பலன் கேட்பவர்கள் இந்த வழிக்கு வர வேண்டாம்.

புல்லால் ஆகாதவை

மூன்று இடத்தில் புல் தோற்கும். ஒன்று, வேர்பிடித்த சீமைக்கருவேலம். அதன் நெற்றை ஆடு தின்று, புழுக்கையோடு போடும் விதைக்கு உரமும் ஈரமும் கூடவே கிடைப்பதால் புல்லுக்கு நடுவிலும் அது தலைகாட்டும். விரலளவு இருக்கும்போதே பிடுங்குவதைத் தவிர வேறு வழியில்லை. இரண்டு, கோரை. மண்ணுக்குள் கிழங்குச் சங்கிலி வைத்திருக்கும் கோரையை நிழல் ஓரளவு அடக்கும், ஒழிக்காது. மூன்று, புதிதாக நட்ட மரக்கன்று. களையோடு போட்டியிடும் புல் வேம்பங்கன்றோடும் புங்கங்கன்றோடும் போட்டியிடும். கன்றைச் சுற்றி ஒரு முழ ஆரத்துக்குப் புல்லை விலக்கிச் சருகு மூடாக்குப் போட வேண்டும். பட்டாசு வளாகமாக இருந்தால் சருகுக்குப் பதில் சரள். இதைக் கவனிக்காமல் விட்டு, கன்று கருகியதற்குப் பஞ்சாயத்தின்மேல் பழி போடுவதில் பயனில்லை.

இன்னொன்று கூலிக் கணக்கு. செதுக்கும் வேலை பல குடும்பங்களுக்குத் தை, மாசி மாத வருமானம். புல் வந்தால் அந்த வேலை மறையாது, மாறும். ஆண்டுக்கு ஒருமுறை செதுக்குவதற்குப் பதில் நான்கைந்து முறை அறுப்பு. அறுத்த புல்லுக்குத் தீவன விலையும் உண்டு. அறுப்பவர்களே புல்லை எடுத்துக்கொள்ளலாம் என்று ஏற்பாடு செய்தால், காயும்வரை அது வளாகத்தில் கிடக்காது. பாதுகாப்புக்கு அதைவிட நல்ல உத்தி இல்லை.

முடிவாக

களையை அடக்க உள்ளூர்ப் புல் உதவுமா என்றால், உதவும். உரிய புல்லை, உரிய வட்டத்தில், மழைக்கு முன் வைத்து, விதை முற்றுமுன் அறுத்து வெளியேற்றும் இடத்தில் மட்டும். இந்த நான்கில் ஒன்று தவறினாலும் செதுக்குவதே மேல். கொட்டகையை ஒட்டிய தரைக்கு என்றும் சரள்தான்.

இந்த வட்டாரத்துக்கான விடையை எங்கிருந்தோ வரவழைக்க வேண்டியதில்லை. கோவில்பட்டியில் 1901-இல் தொடங்கிய வேளாண் ஆராய்ச்சி நிலையம் கரிசலை நூறாண்டுக்கு மேலாகப் படித்துவருகிறது. அருப்புக்கோட்டையை அடுத்த கோவிலாங்குளத்தில் வேளாண் பல்கலைக்கழகத்தின் மண்டல ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. இந்த நிலையங்களும் ஆலை உரிமையாளர்களும் சேர்ந்து, முதலில் பட்டாசு இல்லாத ஒரு பள்ளி வளாகத்தில் கால் ஏக்கரை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதியை வழக்கம்போல் செதுக்கியும் மறுபாதியில் புல் வைத்தும் மூன்று ஆண்டு எண்ணிப் பார்த்தால் போதும்: பார்த்தீனியம் எத்தனை, செலவான கூலி எவ்வளவு, மாசியில் நின்ற சருகு எத்தனை கிலோ. அந்த எண்கள் வந்த பிறகு ஆலை வாசலுக்குப் போகலாம்.

அதுவரை ஒரு சின்னக் காரியம் உடனே செய்யலாம். இந்த ஆண்டு செதுக்கும் வேலையைத் தையிலிருந்து கார்த்திகைக்கு முன்னே கொண்டுவாருங்கள். பார்த்தீனியம் பூக்குமுன் போனால் அடுத்த ஆண்டுக்கான விதை குறையும். அதற்கு ஒரு ரூபாய்கூடக் கூடுதல் செலவில்லை.